சிபாப் இயந்திரத்தோடு நெடுந்தீவில் நான்கு இரவு, பிறகு சென்னை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கொக்குவிலூரான் | திங்கள், இரவு 9.40

வணக்கம் உறவுகளே.

எனக்கு வயது 54. நித்திரையில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி, ஸ்லீப் ஆப்னியா, இருப்பதைக் கண்டுபிடித்துப் பதினான்கு மாதம் ஆகிறது. பரிசோதனையில் மணிக்கு 41 தடவை மூச்சு தடைப்பட்டதாக வந்தது. 30ஐத் தாண்டினாலே கடுமையான வகை என்றார் வைத்தியர். அன்றிலிருந்து இரவில், முகமூடி வழியாகக் காற்றை ஊதும் சிபாப் இயந்திரம், அழுத்தம் 11. வீட்டில் ஒரு கரைச்சலும் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி, அதன்மேல் இயந்திரம், முகமூடியை மாட்டிப் படுத்தால் கோயில் மணிக்குத்தான் கண் திறக்கும்.

படலையைத் தாண்டினால்தான் கரைச்சல். போன மாதம் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன். ஒரு இரவுதானே என்று இயந்திரத்தை வீட்டில் விட்டுவிட்டேன். மாங்குளம் வருவதற்குள் குறட்டைக் கச்சேரி தொடங்கிவிட்டதாம். வவுனியாவுக்கு அப்பால் நடத்துநர் வந்து தோளில் தட்டி, "ஐயா, உங்களுக்கு ஏதும் சுகமில்லையோ? மூச்சு நின்றுபோகிறது, பின்னால் இருக்கிறவர்கள் பயப்படுகிறார்கள்" என்றார். அதன் பிறகு நான் கண் மூடவில்லை. மறுநாள் கொழும்பில் ஒரு அலுவலக வரிசையில் நின்றபடியே கண் செருகி, கையிலிருந்த கோப்பு தரையில் விழுந்த சத்தத்தில்தான் விழித்தேன். உறுதிப் பத்திரங்கள் சிமெந்துத் தரை முழுக்கப் பரவிக் கிடந்தன.

இப்போது விடயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் மாமனாரின் ஆண்டுத் திவசம். நெடுந்தீவில் மனைவி வீட்டில் நான்கு இரவு தங்க வேண்டும். தீவுக்கு மின்சாரம் டீசல் மின்பிறப்பாக்கியில் இருந்து வருகிறது. போன முறை ஒரே இரவில் இரண்டு தடவை நின்றது. வீடு நிறையச் சொந்தக்காரர், எல்லோரும் விறாந்தையில் பாய் விரித்து வரிசையாகப் படுப்போம். திரும்பி வந்து ஒரு கிழமையில் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம், மகளின் பட்டமளிப்பு.

கொண்டுபோகத்தான் வேண்டும் என்கிறாள் மனைவி. நான்கு நாள்தானே, விட்டுவிட்டுப் போவோமா என்று எனக்கு ஒரு யோசனை. ஒளிக்காமல் சொல்கிறேன்: மின்சாரத்தைச் சாட்டாகச் சொல்கிறேனே தவிர, மைத்துனர்மார் நடுவில் அந்தத் தும்பிக்கையை மாட்டிக்கொண்டு படுப்பதை நினைத்தால்தான் கூச்சமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற தாதி | திங்கள், இரவு 10.15

தம்பி, மனைவி சொல்வதைக் கேளுங்கள்.

சிபாப் இந்த வியாதியைக் குணப்படுத்துவதில்லை. நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை ஒட்டிக்கொள்கிறது; இயந்திரம் காற்றை ஊதி அதைத் திறந்தபடி வைத்திருக்கிறது. அவ்வளவுதான். பதினான்கு மாதம் ஒழுங்காகப் பாவித்தேன், உடம்பில் சேமிப்பு இருக்கும் என்று நினைக்காதீர்கள். கழற்றி வைக்கும் இரவே தொண்டை பழையபடி மூடத் தொடங்கும். பஸ்ஸில் ஒரே இரவில் அதைக் கண்டுவிட்டீர்கள்.

இன்னொன்று. படகில் தலைசுற்றுக்கு என்று சிலர் குளிசை போடுவார்கள். அவற்றில் பல நித்திரை வரவைக்கும் வகை. அதைப் போட்டுவிட்டு இரவில் இயந்திரமும் இல்லாமல் படுத்தால் இரட்டைக் கேடு. நித்திரைக் குளிசையும் அப்படித்தான். தீவுக்குப் போனால் மைத்துனர் பனங்கள் கொண்டுவந்து வைப்பார் என்பதும் எனக்குத் தெரியும். மதுவும் தொண்டைத் தசையைத் தளர்த்தும். மாலையில் ஒரு வாய் குடித்தால் இரவு முகமூடி போடாமல் இருக்கவே கூடாது.

திரும்பி வரும்போது குறிகட்டுவான் படகுத்துறையில் இருந்து வாகனம் ஓட்டப் போவது யார்? நீங்கள் என்றால், நான்கு இரவு அரைகுறை நித்திரையோடு புங்குடுதீவுப் பாலத்தில் ஏறுவதை நான் விரும்பவில்லை.

கரவெட்டிக் கிழவன் | செவ்வாய், காலை 6.05

இந்த இயந்திரங்கள் வருமுன் சனம் நித்திரை கொள்ளவில்லையா? என் தகப்பனார் குறட்டை விட்டால் அடுத்த வளவு நாய் குரைக்கும். 83 வயது வரை இருந்தார். நான்கு நாளைக்கு மல்லாந்து படுக்காமல் சரிந்து படுத்தால் போதும். சட்டையின் முதுகுப் பக்கம் ஒரு பை தைத்து அதற்குள் ரெனிஸ் பந்தைப் போட்டால், மல்லாந்து புரளும்போது பந்து குத்தும், தானாகத் திரும்பிப் படுப்பீர்கள். செலவு ஒரு பந்து.

ஓய்வுபெற்ற தாதி | செவ்வாய், காலை 7.30

ஐயா, பந்து வைத்தியம் உண்மையானதுதான், நான் சிரிக்கவில்லை. மல்லாந்து படுக்கும்போது மட்டும் மூச்சு தடைப்படுகிறவர்களுக்கு, அதுவும் இலேசான வகைக்கு, நன்றாகவே உதவும். மணிக்கு 5 முதல் 15 வரை இலேசு, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. தம்பிக்கு 41. அவருக்குப் பந்து ஒரு துணை, மாற்று அல்ல. இரவு பஸ்ஸில் மின்சாரமே இல்லாத இடத்தில் இருக்கையைச் சரிவாக வைத்து, தலையைச் சற்று உயர்த்தி ஒருபக்கமாகச் சாய்ந்து இருப்பது ஒன்றுமில்லாததை விட மேல். ஆனால் நான் அவர் இடத்தில் இருந்தால் பகல் வண்டியில் போவேன். யாழ்தேவி ரயில் எதற்கு இருக்கிறது?

உங்கள் தகப்பனார் காலத்தில் இந்த வியாதிக்கு இருந்த நிச்சயமான வழி கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதுதான். சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் 1981இல்தான் மூக்கு வழியாகக் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கலாம் என்று காட்டினார். தொடக்க கால இயந்திரத்தில் இருந்தது தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டார். அந்தச் சத்தத்தோடு ஒப்பிட்டால் இப்போதுள்ளது பூனை.

மின்கம்பி | செவ்வாய், பகல் 12.50

மின்சாரக் கணக்கு என் பக்கம். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நடந்தபோது அப்பாவின் சிபாப் இயந்திரத்துக்காக இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். பாடம் நடத்தியவர் இருட்டில் விசிறியோடு உட்கார்ந்திருந்த அம்மா.

முதலில் இயந்திரத்தோடு வந்த கறுப்புப் பெட்டியை, அதாவது சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் இருக்கும் மின்மாற்றியைத் திருப்பிப் பாருங்கள். வெளியீடு 24 வோல்றா 12 வோல்றா என்று எழுதியிருக்கும். பல இயந்திரங்கள் 24, சில 12. பற்றறி வாங்கும்போது இதைப் பார்க்காமல் வாங்கினால் காசு கடலில்.

இரண்டாவது, உண்மையில் மின்சாரத்தைக் குடிப்பது காற்று ஊதும் மோட்டார் இல்லை. தண்ணீரைச் சூடாக்கும் ஈரப்பதத் தொட்டியும் சூடாகும் குழாயும்தான். அப்பாவின் இயந்திரத்தைப் பிளக்கில் மாட்டும் அளவியோடு ஒரு இரவு முழுக்க ஓடவிட்டுப் பார்த்தேன். ஈரப்பதம் போட்டபோது 40 வோற்றைத் தொட்டது. நிறுத்தியபோது சராசரி 9 வோற். அழுத்தத்தையும் இயந்திரத்தையும் பொறுத்து உங்களுக்கு மாறும், ஆனால் இடைவெளி இப்படித்தான் இருக்கும். ஆகவே பற்றறியில் ஓடும் இரவில் சூட்டை நிறுத்துங்கள். நெடுந்தீவுக் கடற்காற்றில் ஈரத்துக்கா குறை?

இப்போது கணக்கு. பற்றறியின் கொள்ளளவை வோற் மணியில் சொல்வார்கள், அதாவது வோற்றை மணி நேரத்தால் பெருக்கியது. சிபாப்புக்கு என்று விற்கும் லிதியம் பற்றறிகளில் 100 வோற் மணியை விடச் சற்றுக் குறைந்தவை பரவலாக உண்டு. 9 வோற் என்றால் கணக்குப்படி பத்து மணி நேரத்துக்கு மேல். வழியில் ஏற்படும் இழப்பைக் கழித்தாலும் ஒரு இரவு தாங்கும். உங்களுக்கு முழு இரவும் தேவையில்லை, மின்சாரம் நிற்கும் நேரத்துக்கு மட்டும்தான். பகலில் சார்ஜ் போட்டு வையுங்கள்.

கணினிக்கு வைக்கும் யூ.பி.எஸ் போதாதா என்று அடுத்த கேள்வி வரும். அதனுள் இருக்கும் சிறிய பற்றறி பெரும்பாலும் 12 வோல்ற், 7 அம்பியர் மணி. பெருக்கினால் 84 வோற் மணி. அதை முழுவதும் உறிஞ்ச முடியாது, யூ.பி.எஸ் தானே ஒரு பங்கைத் தின்றுவிடும். இரண்டு மூன்று மணி நேரம் தந்தால் அதிர்ஷ்டம். அதைவிட, மின்சாரம் நின்ற கணத்திலிருந்து கீக் கீக் என்று கத்தும். விறாந்தையில் படுத்திருக்கும் இருபது பேரும் எழுந்து உங்களைச் சுற்றி நிற்பார்கள்.

வாகனப் பற்றறி இன்னொரு வழி. 40 அம்பியர் மணிப் பற்றறியில் பாதியைப் பாவித்தாலும் இரண்டு இரவு ஓடும். பற்றறியில் நேரே மாட்டும்படி இயந்திரக் கம்பனியே விற்கும் நேர்மின் (டி.சி) மாற்றி இருந்தால் அதையே பாவியுங்கள். மலிவு விலை இன்வேர்ட்டர் வாங்கி அதில் ஈரப்பதத் தொட்டியையும் ஓட்டினால் கெட்டுப்போக இடமுண்டு. இன்வேர்ட்டர்தான் என்றால், வீட்டு மின்சாரம் போலச் சுத்தமான சைன் அலை தருவது வேண்டும். ஆனால் அமிலப் பற்றறியைப் படகில் ஏற்றிக்கொண்டு போவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு அலை போதும்.

ஸ்காபரோச் சித்தப்பா | செவ்வாய், மாலை 6.20

நல்லூர்த் திருவிழாவுக்கு இரண்டு முறை இந்த இயந்திரத்தோடு வந்தவன் நான். முதல் முறை கனடாவில் 120 வோல்ற், ஊரில் 230, இயந்திரம் எரிந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி ஏழு கிலோ எடையில் ஒரு ரான்ஸ்போமர் வாங்கிச் சுமந்து வந்தேன். அண்ணையின் மகன் மின்கம்பி சொன்ன அதே கறுப்புப் பெட்டியைத் திருப்பிக் காட்டினான்: "100 முதல் 240 வோல்ற் வரை" என்று அதிலேயே எழுதியிருக்கிறது. தேவைப்பட்டது பிளக்கின் காலை மாற்றும் சின்னத் துண்டு ஒன்றுதான். ரான்ஸ்போமர் இன்றைக்கும் அண்ணை வீட்டுக் கதவைக் காற்றுக்கு அடிக்காமல் பிடித்து வைத்திருக்கிறது.

பிளக் விடயத்தில் ஒரு சொல். பழைய வீடுகளில் உருண்டை மூன்று கால், புதியவற்றில் சதுரக் கால். இரண்டுக்கும் பொருந்தும் துண்டு ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும். சென்னையிலும் உருண்டைக் காலே. நீட்டு வயர் ஒன்றும் வேண்டும், ஏனென்றால் எங்கள் வீடுகளில் பிளக் பொயின்ற் இருக்கும் சுவருக்கும் பாய் விரிக்கும் மூலைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

என் பெரிய முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். இரண்டாம் முறை, அண்ணை வீட்டிலிருந்து தங்கை வீட்டுக்கு மாறும்போது தொட்டியில் தண்ணீரை ஊற்றிவிடாமல் இயந்திரத்தை அப்படியே பைக்குள் வைத்து ஓட்டோவில் ஏறினேன். ஆனைக்கோட்டை வீதியின் பள்ளங்கள் மீதியைப் பார்த்துக்கொண்டன. தண்ணீர் மோட்டார்ப் பக்கம் போய், இரவு போட்டால் இருமுகிறது. இரண்டு நாள் வெயிலில் வைத்துக் காத்திருந்தேன், பிழைத்துக்கொண்டது. உங்களுடையது பிழைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. பையில் வைக்கும் முன் தொட்டியைக் கழற்றி ஊற்றுங்கள்.

கூச்சத்துக்கு மருந்து என்னிடம் இல்லை. பெறாமக்கள் என்னை "யானைச் சித்தப்பா" என்றார்கள். மூன்றாம் நாள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக முகமூடியைப் போட்டுப் பார்த்தார்கள். நான்காம் நாள் அவர்களுக்கு அலுத்துவிட்டது.

சுன்னாகத்தாள் | செவ்வாய், இரவு 8.45

தண்ணீரைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன். குடாநாட்டு நிலத்தடியில் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீரைக் கேத்திலில் ஒரு மாதம் கொதிக்க வைத்துவிட்டு அடியைப் பாருங்கள், வெள்ளையாய்த் தகடு பிடித்திருக்கும். அதே தகடு சிபாப் தொட்டியிலும் பிடிக்கும். என் கணவரின் தொட்டி ஆறு மாதத்தில் மூடுபனி பிடித்த கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ஒரு பங்கு வெள்ளை வினாகிரிக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்து, நன்றாகக் கழுவியபின் தெளிந்தது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், சுண்ணாம்பு முழுவதும் போகாது.

காய்ச்சி வடித்த நீர் பார்மசியில் கிடைத்தால் இரண்டு போத்தல் தீவுக்குக் கொண்டுபோங்கள். அங்கே தேடி அலைய வேண்டாம். முடியாவிட்டால் போத்தல் குடிநீர், நான்கு இரவுக்குப் பரவாயில்லை. அதற்கும் வழியில்லை என்றால் கொதித்து ஆறிய நீர். காலையில் மிச்சத்தை ஊற்றிவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்துக் காயவிடுங்கள்.

மின்கம்பி | செவ்வாய், இரவு 9.10

அக்கா, எரிபொருள் நிலையத்தில் பற்றறிக்கு ஊற்றும் தண்ணீர் விற்கிறார்களே, அதுவும் உப்பு நீக்கியதுதானே?

சுன்னாகத்தாள் | செவ்வாய், இரவு 9.25

உப்பு நீக்கியதாக இருக்கலாம் தம்பி. அந்தப் போத்தலை நிரப்பியவர் அதை யாரும் மூச்சோடு உள்ளே இழுப்பார்கள் என்று நினைத்து நிரப்பவில்லை. பக்கத்துத் தட்டில் அதே நிறப் போத்தலில் பற்றறி அமிலமும் இருக்கும். எங்கள் வீட்டில் அது வராது.

நானுஓயா ரயில் | புதன், காலை 5.55

குளிர்ப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வரி. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். புதிய இயந்திரங்கள் உயரத்துக்கு ஏற்பத் தாங்களே சரிசெய்துகொள்ளும். பழையதில் அமைப்புப் பட்டியலில் கையால் மாற்ற வேண்டியிருக்கலாம். எனக்கு வந்த தொல்லை வேறு. அறை குளிர்ந்திருக்க, தொட்டியிலிருந்து வந்த சூடான ஈரக்காற்று குழாய்க்குள் தண்ணீராகி, நள்ளிரவில் மூக்கில் சொட்டியது. கனவில் கேணியில் மூழ்கினேன். குழாயைக் கம்பளிச் சால்வையால் சுற்றி, ஈரப்பதத்தை இரண்டு படி குறைத்தபின் நின்றது.

மீசாலைப் பயணி | புதன், பகல் 1.30

சென்னைப் பயணத்துக்கு வருகிறேன். சிகிச்சைக்காக மாமாவை இரண்டு முறை அந்த வழியில் கூட்டிப்போயிருக்கிறேன்.

இயந்திரத்தைச் சூட்கேஸில் வைத்து ஏற்றவே கூடாது. கையில்தான். அமெரிக்க விதியில் இப்படியான மருத்துவ சாதனம் கைப்பை எண்ணிக்கையில் சேராது. மற்ற நாடுகளில் விமானக் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும், ஆகவே டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்கி அச்செடுத்து வையுங்கள். பலாலியில் இறங்குபவை பெரும்பாலும் ஏ.டி.ஆர் 72 வகைச் சிறிய விமானங்கள். தலைக்கு மேலுள்ள தட்டு சிறிது. இயந்திரப் பை மெல்லியதாக இருந்தால் முன் இருக்கைக்குக் கீழே போகும்.

பாதுகாப்புச் சோதனையில் மடிகணினி மாதிரி வெளியே எடுக்கச் சொல்வார்கள். அந்தத் தட்டுகளில் செருப்பும் போகிறது, உங்கள் மூக்குக் குழாயும் போகிறது. ஆகவே பெரிய சுத்தமான பொலித்தீன் பை ஒன்றுக்குள் முழுவதையும் போட்டு, பையோடு தட்டில் வையுங்கள். வைத்தியரின் கடிதத்தில் வியாதியின் பெயர், இயந்திரத்தின் பெயர், அழுத்தம் மூன்றும் இருக்கட்டும். மாமாவிடம் ஒருமுறை கேட்டார்கள், ஒருமுறை கேட்கவில்லை. ஆனால் வழியில் இயந்திரம் பழுதாகி வேறொன்று வாடகைக்கு எடுக்க நேர்ந்தால் அந்தக் கடிதம்தான் கைகொடுக்கும்.

பற்றறி: 100 வோற் மணி வரை தனி அனுமதி தேவையில்லை. 100க்கும் 160க்கும் இடையில் என்றால் விமானக் கம்பனியின் அனுமதி வேண்டும், அதுவும் உதிரியாக இரண்டுக்கு மேல் இல்லை. 160க்கு மேல் பயணி கொண்டுபோகவே முடியாது. உதிரி லிதியம் பற்றறி எதுவானாலும் கைப்பையில்தான், முனைகளை மூடிக்கொண்டு. பற்றறியில் மில்லி அம்பியர் மட்டும் எழுதியிருந்தால் அதை வோல்றால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். நான் வாசலில் நின்று கைத்தொலைபேசியில் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன், பின்னால் வரிசை நின்றது. வீட்டிலேயே போட்டு ஒரு துண்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

விமானத்துக்குள் பாவிக்க வேண்டுமென்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே அறிவிக்கும்படி பல கம்பனிகள் கேட்கும். சென்னைக்கு அது தேவையே இல்லை. இருக்கைப் பட்டியைக் கட்டி, தண்ணீர் குடித்து முடிக்க அங்கே இறங்கிவிடும்.

கொக்குவிலூரான் | புதன், இரவு 9.00

எல்லோருக்கும் நன்றி. கறுப்புப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், 24 வோல்ற். பற்றறி ஒன்று கொழும்பில் இருந்து வருகிறது, 97 வோற் மணி.

இன்னும் இரண்டு சந்தேகம். முகமூடி போட்டபடி மின்சாரம் நின்றால் மூச்சு முட்டுமா? மனைவிக்கு இந்தப் பயம் பெரிது. அடுத்தது, படகில் உப்புத் தண்ணீர் தெறிக்கும், எப்படிக் காப்பாற்றுவது?

ஓய்வுபெற்ற தாதி | புதன், இரவு 9.35

முட்டாது. மூக்கும் வாயும் சேர்த்து மூடும் முகமூடியில், காற்று நின்றால் தானாகத் திறந்துகொள்ளும் ஒரு சிறு வால்வு இருக்கிறது, வெளிக்காற்று வரும். மூக்கு முகமூடி என்றால் வாயைத் திறந்தால் போதும். பெரும்பாலும் காற்று நின்ற வெக்கையிலேயே விழித்துவிடுவீர்கள். மனைவிக்குப் பகலில் செய்து காட்டுங்கள்: முகமூடியை மாட்டி, பிளக்கைப் பிடுங்கி, சாதாரணமாக மூச்சு விடுங்கள். அவரே கையால் பிடுங்கினால் இன்னும் நல்லது.

மின்கம்பி | புதன், இரவு 9.50

படகுக்கு: இயந்திரத்தைப் பொலித்தீன் பையில் கட்டி, அதை ஒரு பிளாஸ்ரிக் வாளிக்குள் வைத்து மூடிபோடுங்கள். மா வாங்கும் பெரிய வாளி. மடியில் வைத்தால் பிடிக்கவும் வசதி. நானென்றால் படகின் நடுப்பக்கம் இருப்பேன்.

சந்நிதியான் | வியாழன், காலை 7.15

இடையில் கேட்கிறேன், மன்னியுங்கள். அடுத்த முறை செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் யாத்திரையில் சேர ஆசை. எனக்கும் இந்த இயந்திரம்தான். வாரக்கணக்கான நடை, கோயில் மண்டபம், பள்ளிக்கூடம், கடைசியில் குமண, யால காடு. முடியுமா?

ஓய்வுபெற்ற தாதி | வியாழன், காலை 8.00

காடு வரை வேண்டாம் மகன். பகல் முழுக்க வெயிலில் நடந்து களைத்த உடம்பு இரவில் மூச்சுக்கும் போராடக் கூடாது. வேண்டுமென்றால் முதல் இரண்டு மூன்று நாள், மின்சாரம் உள்ள இடங்களில் தங்கும் பகுதி மட்டும் நடந்துவிட்டு, மீதியை பஸ்ஸில் போய்க் கொடியேற்றத்துக்கு நில்லுங்கள். முருகன் கணக்குப் பார்ப்பவர் அல்ல. போகத்தான் போகிறேன் என்றால் உங்கள் வைத்தியரிடம் கேட்காமல் போகாதீர்கள். கீழ்த்தாடையை முன்னே இழுத்து வைக்கும் பற்சாதனம் சிலருக்குப் பொருந்தும், மின்சாரமே வேண்டாம். ஆனால் அதைப் பல் வைத்தியர் அளவெடுத்துச் செய்ய வேண்டும், பழகவும் நாளெடுக்கும்.

கரவெட்டிக் கிழவன் | வியாழன், காலை 8.20

நான் இரண்டு தரம் நடந்தவன். இந்த விடயத்தில் தாதியம்மா சொல்வது சரி. அந்தக் காட்டில் பற்றறிக்கு இடம் கொடுத்தால் தண்ணீருக்கு இடம் இருக்காது.

கொக்குவிலூரான் | ஐந்து கிழமை கழித்து, ஞாயிறு, மாலை 4.30

போய் வந்துவிட்டேன், இரண்டு இடத்துக்கும். சொல்ல வேண்டியது கடமை.

வாளி யோசனை அருமை. குறிகட்டுவானில் காற்று பலமாக இருந்தது, படகில் ஏறிய கால் மணி நேரத்திலேயே என் சட்டை உப்பில் விறைத்துவிட்டது, வாளிக்குள் ஒரு துளி இல்லை. பக்கத்தில் இருந்தவர் என்ன மீனா என்று கேட்டார். மருந்து என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை.

விறாந்தை வரிசையில் சுவரோரப் பாயை மனைவி எனக்கு என்று முன்பே சொல்லி வைத்திருந்தாள். முதல் இரவு எல்லோரும் படுக்கும் வரை முற்றத்தில் பவளக்கல் மதிலில் சாய்ந்து நின்று கதைத்துக்கொண்டிருந்தேன், விளக்கு அணைந்த பின்தான் முகமூடியை மாட்டினேன். அந்தப் பச்சை விளக்கொளியில் மைத்துனரின் சின்ன மகள் எழுந்து உட்கார்ந்து முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் வீடு முழுக்கச் செய்தி போய்விட்டது. சித்தப்பா சொன்னபடி வரிசையும் நின்றது.

இரண்டாம் இரவு 2.40க்கு மின்சாரம் நின்றது. வெக்கையில் விழித்தேன், தாதியம்மா சொன்ன அதே வெக்கை. பற்றறியைத் தலைமாட்டில் தயாராக வைத்திருந்தேன், இருட்டில் தடவி வயரை மாற்ற ஒரு நிமிடம். ஈரப்பதத்தை நிறுத்த மறந்துவிட்டேன், பிறகு நினைவு வந்து நிறுத்தினேன். மின்கம்பி, திட்டாதீர்கள். விடியும்வரை ஓடியது.

நீங்கள் ஒருவரும் சொல்லாத ஒன்று: எறும்பு. மூன்றாம் நாள் பகலில் குழாயைப் பாய்மேல் விட்டுவிட்டுத் திவசச் சமையலுக்கு விறகு தூக்கப் போனேன். படையலுக்கு வைத்த மோதகத்துண்டை யாரோ பிள்ளை பக்கத்தில் தின்றிருக்கிறது. இரவு முகமூடியை மாட்டி இயந்திரத்தைப் போட்டதும் உதட்டில் ஊர்ந்தது. கழற்றிக் குழாயை முற்றத்தில் உதறினேன், ஒரு சின்னப் படையே விழுந்தது. அதன்பின் பகலில் குழாயும் முகமூடியும் வாளிக்குள், மூடிபோட்டு.

பனங்கள் வந்தது. இரண்டாம் நாள் மட்டும், ஒரு பிளா. எழுதாமல் விட்டால் தாதியம்மா கேட்பார்.

இயந்திரத்தின் கணக்கில் நான்கு இரவும் மூச்சு தடைப்பட்டது மணிக்கு 3க்கும் 5க்கும் இடையில். திரும்பி வரும்போது நானே வாகனம் ஓட்டினேன், பண்ணைப் பாலம் வரை கண் தெளிவாக இருந்தது.

சென்னையில் சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவு சுலபம். பலாலியில் பையைத் திறக்கச் சொன்ன உத்தியோகத்தர் இயந்திரத்தைப் பார்த்துவிட்டுக் கடிதத்தைக் கேட்கவில்லை. தன் அண்ணனுக்கும் குறட்டை, எங்கே பரிசோதனை செய்தீர்கள் என்றுதான் கேட்டார். வரிசை பின்னால் காத்திருக்க, சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

மாமியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். முதல் இரவு அவர் இரண்டு தரம் கைவிளக்கோடு வந்து என் பாய்ப்பக்கம் குனிந்து பார்த்தாராம். இருபத்தெட்டு வருடமாகக் கேட்ட குறட்டையைக் காணவில்லை, மருமகனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயம்.

மின்கம்பி | ஞாயிறு, மாலை 5.05

திட்டவில்லை அண்ணை. விடியும்போது பற்றறியில் எத்தனை வீதம் மிச்சம்?

கொக்குவிலூரான் | ஞாயிறு, மாலை 5.20

அறுபத்தொன்று.